நார்மல் நான்கு

1

புனேக்கு வந்து இந்த ஜூனோடு முப்பது வருஷம் ஆகிறது. முப்பது வருஷத்தைப் பற்றி ஏதாவது எழுதி அனுப்புங்கள் என்று கோயம்புத்தூர் நண்பர் ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தார். வடா பாவ், விடாத மழை, மதியம் ஒரு மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டுத் தூங்கப் போகும் கடைக்காரர்கள் என்று எட்டுப் பக்கம் எழுதி வைத்திருந்தேன். நன்றாகத்தான் வந்திருந்தது. போன வாரம் எடுத்துப் படித்தேன், கிழித்துப் போட்டுவிட்டேன். இப்போது இருக்கிற இருப்பில் அடுத்தவன் தூக்கத்தைப் பற்றி எழுத எனக்குப் பொறுமை இல்லை.

என் பெயர் துரைசாமி. வயது ஐம்பத்தொன்பது, வருகிற மார்ச்சில் ஓய்வு. குடியிருப்பது புனேயின் சாங்வி பகுதியில். ரத்த ஆராய்ச்சிக் கூடம் ஒன்றில் டெக்னீஷியன் வேலை. விஞ்ஞானி இல்லை, விஞ்ஞானிகளுக்கு ரத்தம் கொண்டுவந்து கொடுக்கிறவன். ஆஸ்பத்திரிக்குப் போய் நோயாளிகளிடம் விஷயத்தைச் சொல்லி, கையெழுத்து வாங்கி, ரத்தம் எடுத்து, ட்யூபுக்கு எண் போட்டுப் பத்திரப்படுத்துவது என் பொறுப்பு. ஊரில் கல்யாண வீட்டில் யாராவது "அங்க என்னதான் பண்றே?" என்று கேட்டால் "ரத்தத்துல ஆராய்ச்சி" என்பேன். அடுத்த கேள்வி சாப்பாட்டைப் பற்றி இருக்கும். இந்த முறை நீங்கள் அப்படித் தப்பிக்க முடியாது. கொஞ்சம் பாடம் கேட்டால்தான் மேற்கொண்டு நடந்தது புரியும்.

செல்லுக்குள் டி.என்.ஏ. இருக்கிறது என்பது பள்ளிக்கூடத்தில் படித்தது. அதிலிருந்து தேவையான பகுதியை மட்டும் எடுக்கிற நகல்தான் ஆர்.என்.ஏ. அந்த நகல் எடுத்தபடியே உதவாது. நடுநடுவே வேண்டாத துண்டுகள் இருக்கும். அவற்றை வெட்டி எறிந்துவிட்டு மீதியை ஒட்ட வேண்டும். எங்கே வெட்டுவது, எதை விட்டுவைப்பது, நகலை எவ்வளவு நேரம் வைத்திருப்பது, எப்போது அழிப்பது என்பதையெல்லாம் பார்த்துக்கொள்ள என்றே சில புரதங்கள் இருக்கின்றன. அவை ஆர்.என்.ஏ.வைத் தேடிப் போய்ப் பிடித்துக்கொள்ளும். பிடிக்கிற இடம் சரியாக இருக்கிறவரை நமக்கு அவை இருப்பதே தெரியாது.

பிடி பிசகினால்தான் வினை. எஸ்.ஆர்.எஸ்.எஃப்-2 என்று ஒரு புரதம். அதற்கான மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறினால் போதும், ஆர்.என்.ஏ.வில் பிடிக்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தைப் பிடிக்க ஆரம்பிக்கும். வெட்டு தப்பாக விழும். எலும்பு மஜ்ஜையில் இது நடந்தால் ரத்த செல்கள் ஒழுங்காக முதிர்ந்து வெளியே வராது. சிலருக்கு ரத்தம் குறைந்துகொண்டே போகும். சிலருக்கு நாளடைவில் ரத்தப் புற்றுநோயாகிவிடும். வேறு சில புரதங்கள், அழிய வேண்டிய நகலை அழியவிடாமல் காபந்து பண்ணி அதே வேலையைச் செய்யும். எங்கள் கூடத்துக்குப் பிழைப்பே இந்தப் புரதங்கள்தான். இருபத்திரண்டு வருஷமாக நான் சாப்பிடுகிற சோறும் அதில் வந்ததுதான்.

2

நோயாளியின் ரத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. பக்கத்தில் வைத்துப் பார்க்க நோயில்லாதவர் ரத்தம் வேண்டும். அதற்கு எங்கள் பாஷையில் நார்மல் என்று பெயர். நார்மலுக்கு எங்கே போவது? தெருவில் போகிறவரைக் கூப்பிட்டுக் கையை நீட்டுங்கள் என்றால் நீட்டுவாரா? அதனால் எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. கூடத்து ஆட்களே சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம்.

ஆறு நார்மல்கள் இருந்தார்கள். மாணவர்கள் பட்டம் வாங்கிப் போய்விடுவார்கள், அவர்களுக்குப் பதில் வேறு ஆள் வரும். மாறாமல் இருந்தது நான் மட்டும். ஒன்பது வருஷமாக, வருஷத்துக்கு ஒரு முறை. என் எண் நார்மல்-4. எந்த எண் யாருடையது என்கிற நோட்டு என் மேஜை இழுப்பறையில், என் சாவியில். வேறு யாருக்கும் தெரியக் கூடாது என்பது விதி. பிள்ளைகள் மைக்ரோஸ்கோப்பைப் பார்த்துவிட்டு "நாலாம் நம்பர் மாதிரி ஒரு நார்மல் கிடையாது, செல்லெல்லாம் என்ன அழகு!" என்பார்கள். நான் பக்கத்தில் ட்யூப் துடைத்துக்கொண்டு நிற்பேன். உள்ளுக்குள் அப்படி ஒரு கர்வம்.

நார்மலானாலும் கையெழுத்து வேண்டும். ஏழு பக்கப் படிவம். கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி: "ஆராய்ச்சியில் உங்கள் உடல்நலம் குறித்து ஏதாவது தெரியவந்தால் உங்களிடம் சொல்லலாமா?" ஆம், வேண்டாம் என்று இரண்டு கட்டம். நோயாளிகளிடம் இந்தப் பக்கம் வந்ததும் நான் பேனாவைக் கீழே வைத்துவிடுவேன். "அவசரப்படாதீங்க, வீட்டில் பேசிட்டுச் சொல்லுங்க" என்று மராத்தியில் சொல்வேன், இந்தியில் சொல்வேன். எனக்கு வந்தபோது ஒரு கையில் டீ கிளாஸ், நின்ற வாக்கில் "வேண்டாம்" என்று டிக் அடித்தேன். "ஆம்" என்றால் இன்னும் மூன்று பக்கம் எழுத வேண்டும், ஆலோசகரிடம் அரை நாள் உட்கார வேண்டும். எனக்கென்ன வந்துவிடப் போகிறது என்கிற திமிர்தான், வேறென்ன.

3

ருதுஜா என்று ஒரு பெண். சாதாராவிலிருந்து வந்து முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். என்னை ஸ்வாமி காகா என்பாள். இங்கே பெரியவர்களையெல்லாம் காகாதான், சித்தப்பா முறை. அவள் பேசுவது மராத்தியும் இந்தியும் கலந்து, நான் தமிழில் தருகிறேன்.

அவளுடைய கட்டுரையை விஞ்ஞானப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பியிருந்தோம். உங்கள் நார்மல்கள் உண்மையிலேயே நார்மல்தானா, அவர்களுடைய மரபணுவையும் படித்துக் காட்டுங்கள் என்று கேட்டுத் திருப்பியிருந்தார்கள். இத்தனை வருஷத்தில் யாருமே கேட்காத கேள்வி. எங்களுக்கே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. நார்மல் என்று பெயர் வைத்தாயிற்று, அதற்கப்புறம் அதை யார் போய்ச் சோதிப்பார்?

ஒரு திங்கட்கிழமை காலை வேகமாக வந்தாள். "காகா, நார்மல்-4 ட்யூப்ல பேஷன்ட் ரத்தம் கலந்திருக்கு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "என்ன பேச்சு பேசறே? இருபத்திரண்டு வருஷத்துல ஒரு ட்யூப் மாறினதில்லை என் கையில!"

"அப்ப இது எப்படி வந்தது? எஸ்.ஆர்.எஸ்.எஃப்-2ல, பேஷன்ட்டுங்களுக்கு இருக்கிற அதே மாத்தம், அதே இடத்துல."

"உன் கைப்பிசகா இருக்கும். திரும்பச் செய்."

திரும்பச் செய்தாள், அதேதான் வந்தது. நார்மல்-4ஐக் கூப்பிட்டுப் புதிதாக ரத்தம் எடுத்துத் தாருங்கள் என்றாள். பக்கத்துக் கட்டடத்து நர்ஸிடம் போய்க் கையை நீட்டினேன். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை, நம்புங்கள். என் ரத்தத்தைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை, என் வேலையைக் குறை சொல்லிவிட்டாளே என்கிற கோபம்தான். ட்யூபைக் கொண்டுவந்து அவள் முன்னால் ணங்கென்று வைத்தேன். "இந்தா, இதுல பாரு. நானே பக்கத்துல நின்னு எடுத்தது."

நாலு நாள் கழித்து, நான் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தபோது வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சாரி காகா. கலப்படம் இல்ல. நிஜமாவே அவருக்கு இருக்கு. ரத்த செல்லுல நூத்துக்கு ஏழு."

கையில் இருந்த லேபிள் விரலில் ஒட்டிக்கொண்டது. அதைப் பிய்க்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன்.

"இப்ப அவருக்கு வியாதி ஒண்ணும் இல்ல. வரலாம், வராமலே போகலாம். ஆனா இந்த மாத்தம் லேசுப்பட்டதில்லைன்னு உங்களுக்கே தெரியுமே. டாக்டர்கிட்ட அனுப்பணும். ஃபார்ம்ல என்ன டிக் பண்ணியிருக்கார், பாருங்களேன்."

எனக்குப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் இழுப்பறையைத் திறந்து, ஃபைலை எடுத்து, அவளுக்குத் தெரியாதபடி சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஏழு பக்கத்தையும் புரட்டினேன்.

"வேண்டாம்னு போட்டிருக்கார்."

"பாகல் ஹை க்யா!" பைத்தியமா இவர் என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அப்ப நாம சொல்லவே முடியாதா? என்ன மாதிரி ஆள் காகா இவர்? தானா தேடி வர்ற விஷயத்தை யாராவது வேண்டாம்னு சொல்வாங்களா? வீட்டுல பெண்டாட்டி பிள்ளைங்க இல்லையா இவருக்கு?"

"இருக்காங்க" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

"அப்படின்னா இன்னும் பெரிய முட்டாள்" என்று எழுந்தாள். வாசல்வரை போய்த் திரும்பி, இப்போது அழுகிற குரலில், நாலாம் நம்பரை வைத்துப் போட்ட வரைபடங்களையெல்லாம் தூக்கிவிட்டுத் திரும்பப் போட வேண்டும், மூன்று வருஷ வேலை என்றாள். அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போல இருந்தது. எதற்கு என்று எப்படிச் சொல்வது?

மறுநாள் எங்கள் கூடத்துத் தலைவி, மேடம் என்றுதான் சொல்வோம், என் மேஜைப் பக்கம் வந்து நின்றார். இருபத்திரண்டு வருஷத்தில் வேலையைத் தவிர வேறு பேசாதவர். "ஸ்வாமி, உடம்பெல்லாம் சௌகரியம்தானே?" என்றார். சௌகரியம் என்றேன். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு ட்யூபுகளை வைத்திருக்கும் மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசரின் குளிர் அளவைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போய்விட்டார். ஒன்பது வருஷமாக மாறாத நார்மல் யார் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? என் டிக் அவர் வாயைக் கட்டிப் போட்டிருந்தது.

4

அதற்கப்புறம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாங்வியில் என் வீட்டுத் திருப்பம் வந்தும் திரும்பாமல் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே போனேன், இரண்டு மூன்று நாள். பாலத்தில் நிறுத்தி, கலங்கலாக ஓடுகிற ஆற்றைப் பார்த்துவிட்டு, நனைந்து வீடு திரும்புவேன். குளிக்கும்போது கையில் காலில் எங்காவது கன்றியிருக்கிறதா என்று பார்ப்பேன். பல் துலக்கும்போது எச்சிலில் சிவப்பு இருக்கிறதா என்று பார்ப்பேன். கூடத்திலேயே என் ரத்த அணுக்களை எண்ணிப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. இருந்தால் என்ன, இரண்டு மணி நேரம் நிம்மதி. மறுபடியும் கண்ணாடி முன்னால் போய் நிற்பேன்.

இங்கே வருவதற்கு முன் கோயம்புத்தூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். ஸ்லைடுக்குச் சாயம் ஏற்றக் கற்றுக்கொண்டது அங்கேதான். அங்கே ஒரு பழக்கம். சாதாரண ரிப்போர்ட் என்றால் நோயாளி கையிலேயே கொடுத்துவிடுவோம். புற்றுநோய் என்றால் கவரை ஒட்டி, கூட வந்திருக்கிற மகனையோ மச்சானையோ தனியாகக் கூப்பிட்டுக் கொடுப்போம். நோயாளி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு முறை பாத்திரக்கடைக்காரர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, எனக்கு என்ன போட்டிருக்குதுன்னு நீயாவது சொல்லு" என்றார். "ஒண்ணுமில்லீங்க, டானிக் எழுதியிருக்காங்க" என்றேன். அவரும் சரி என்று தலையாட்டினார். நம்பினாரா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றைக்கு நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன்.

இப்போது கவர் என்னிடமே வந்துவிட்டது. தனியாகக் கூப்பிட்டுக் கொடுக்க யாரைக் கூப்பிடுவது?

என் மனைவி கல்யாணி திருப்பூர்க்காரி. முப்பது வருஷமும் இந்த ஊரைத் திட்டிக்கொண்டே இங்கே வாழ்ந்தவள். மராத்திப் பெண்களோடு சேர்ந்து பஜனைக்குப் போவாள், திரும்பி வந்து "இவங்களுக்குக் கொழம்புல சக்கரை போடாட்டித் தூக்கம் வராதாக்கும்" என்பாள். மார்ச்சுக்குப் பிறகு கோயம்புத்தூர், வடவள்ளியில் நாங்கள் வாங்கிப் போட்டிருக்கிற சின்ன ஃப்ளாட். அவள் மனசால் எப்போதோ அங்கே குடி போய்விட்டாள். விஷயம் தெரிந்த அன்று சாயங்காலம் நான் உள்ளே நுழைந்ததும் கேட்டாள்: "ஏனுங்க, அங்க ஹால் ஜன்னல் எத்தனை அடி? திரைச்சீலை தைக்கக் குடுக்கோணும்."

"எட்டடி" என்றேன். செருப்பைக்கூடக் கழற்றியிருக்கவில்லை.

ஒரே மகள் மிருதுளா. கல்யாணமாகி இதே ஊரில் வானவடியில் இருக்கிறாள், மாப்பிள்ளை மராத்திப் பையன். ஞாயிற்றுக்கிழமை வருவாள். வந்து பாதி நேரம் ஃபோனில் ஆபீஸ் வேலை. நான் தமிழில் ஒன்று கேட்டால் இந்தியில் பதில் வரும், நான் முறைத்தால் அது தமிழாக மாறும். "அரே அப்பா, நீ ஏன் இப்டி நடந்துட்டே இருக்கே? பைட்டோ நா, உக்காரு." என்னை நீ, வா, போ என்றுதான் பேசுவாள். இந்தியில் யாராவது அப்பாவை அப்படிப் பேசினால் இவளே அவரை அடித்துவிடுவாள், தமிழில் அவளுக்குத் தெரிந்தது அந்த ஒரு வடிவம்தான். திருத்தித் திருத்தி அலுத்துவிட்டேன். தமிழ் எழுத்து சுத்தமாகத் தெரியாது. நான் ஏதாவது பத்திரிகையில் எழுதினால் ஃபோட்டோ எடுத்துத் தோழிகளுக்கு அனுப்புவாள், என்ன எழுதியிருக்கிறேன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அது எனக்கு வருத்தம்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்த்தபோது ஒன்று மட்டும் ஆறுதலாக இருந்தது. இது பிறவியில் வந்த மாற்றம் இல்லை, வயதாக ஆக என் மஜ்ஜையில் தானாக வந்தது, அவளுக்குப் போகாது.

5

பத்தொன்பதாம் நாள் மேடம் அறைக் கதவைத் தட்டினேன்.

"நார்மல்-4 டிக்கை மாத்தணும்கிறார், மேடம். விதியில் இடம் இருக்கா?"

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "இருக்கு ஸ்வாமி. எப்போ வேணும்னாலும் மாத்தலாம். புதுப் படிவம் எழுதணும். வீட்டு ஆள் ஒருத்தர் சாட்சிக் கையெழுத்துப் போடணும்." கொஞ்சம் நிறுத்தி, "சீக்கிரமா மாத்தச் சொல்லுங்க அவர்கிட்ட" என்றார். மறுபடியும் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

படிவம் ஆங்கிலத்தில் இருக்கிறது, இந்தியில் இருக்கிறது, மராத்தியில் இருக்கிறது. தமிழில் இல்லை. கல்யாணிக்குத் தமிழ்தான் படிக்க வரும். அன்றைக்குச் சனிக்கிழமை, மத்தியானமே அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அவள் சமையலறையில் தரையில் உட்கார்ந்து, கோயம்புத்தூருக்கு எடுத்துப் போக வேண்டிய பாத்திரங்களையும் இங்கேயே யாருக்காவது கொடுத்துவிட வேண்டியவற்றையும் பிரித்துக்கொண்டிருந்தாள்.

இந்த இடத்தில் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அவளிடம் சொல்லாமலே கையெழுத்தை வாங்கிவிடலாம் என்றுதான் நினைத்துப் போனேன். பி.எஃப். காகிதம், பாங்க் காகிதம் என்று எத்தனையோ முறை அவள் என்னவென்று கேட்காமல் போட்டிருக்கிறாள். அன்றைக்கும் "இதுல ஒரு கையெழுத்துப் போடு" என்றதும் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கிவிட்டாள்.

"எங்கீங்க, இங்கயா?"

பேனா காகிதத்தில் பட்டுவிட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நோயாளியிடம்கூட நான் விளக்கிச் சொல்லாமல் கையெழுத்து வாங்கியதில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வரி வரியாகச் சொல்லியிருக்கிறேன். ஊரார் பெண்டாட்டிகளுக்கெல்லாம் செய்ததை என் பெண்டாட்டிக்குச் செய்ய மாட்டேனா? வெட்கமாகப் போய்விட்டது.

"இரு, போடாதே. படிச்சுச் சொல்றேன்" என்று அவளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

"பங்கேற்பாளராகிய தாங்கள் முன்னர் தெரிவித்த விருப்பத்தை..." என்று ஆரம்பித்தேன்.

"ஏனுங்க, ரேடியோ நியூஸ் மாதிரி படிக்கறீங்க. பேசற மாதிரி சொல்லுங்க."

பேசுகிற மாதிரி சொல்ல எனக்கு வரவில்லை. மராத்தியில் இதை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன், தண்ணீர்பட்ட பாடு. இந்தியிலும் தடங்கல் இல்லை. தமிழில் ஒரு ஆளிடம், முகத்தைப் பார்த்து, ரத்தப் புற்றுநோய் என்கிற வார்த்தையை நான் ஒரு நாளும் சொன்னதில்லை. கோயம்புத்தூரில் வேலை பார்த்தபோது கவரை ஒட்டிக் கொடுத்தோம், சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. "என்ற ரத்தத்துல..." என்று தொடங்கினேன். அவ்வளவுதான், அழுகை வந்துவிட்டது. தேம்பித் தேம்பி அழுதேன். ஐம்பத்தொன்பது வயது ஆள்.

அவள் பாத்திரங்களைத் தள்ளிவிட்டு நகர்ந்து வந்து என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.  நான் துண்டு துண்டாகச் சொன்னேன். நகல், வெட்டுவது, ஒட்டுவது, ஒரு புரதம் தப்பான இடத்தைப் பிடிப்பது. கல்யாணத்துக்கு முன் அவள் திருப்பூரில் பனியன் கம்பெனியில், வெட்டித் தைத்து வருகிற பீஸில் பிசகு பார்க்கிற செக்கிங் வேலை பார்த்தவள். 

"கட்டிங் தப்பா விழுகுதுங்கறீங்க."

"ஆமா."

"எல்லாப் பீஸுமா?"

"இல்ல. நூத்துல ஏழு."

"அந்த ஏழும் பெருகிருமா?"

"பெருகலாம். அப்படியேவும் இருக்கலாம்."

"மருந்து?"

"இப்பத்திக்குக் கெடையாது. பாத்துட்டேதான் இருக்கோணும்."

தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"பத்தொம்பது நாளாச்சு."

என் முழங்காலிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "பத்தொம்பது நாளா? திரைச்சீலைக்கு அளவு கேட்டனே, அன்னிக்குத் தெரியுமா?"

"அன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

"எட்டடின்னு சொன்னீங்களே! எப்படிங்க வாய் வந்துது உங்களுக்கு எட்டடின்னு சொல்ல?" எழுந்து போய் சிங்க்கில் முகத்தைக் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள். "வேத்தாளாட்டப் பக்கத்துல உக்காந்து தின்னுட்டு இருந்திருக்கறீங்க. நானும் புளி பத்தலையா உப்புப் பத்தலையான்னு கேட்டுட்டு இருந்திருக்கறேன்."

நான் தள்ளிக் கிடந்த பாத்திரங்களை அடுக்கி வைத்தேன். அவள் திரும்பி வந்து, படிவத்தை எடுத்து, கல்யாணி துரைசாமி என்று தமிழில் முழுசாக எழுதினாள். உடனே மிருதுளாவுக்கு ஃபோன் போட்டு, என்னைப் பேச விடாமல் அவளே சொன்னாள். ஸ்பீக்கரில் மகள் குரல் கேட்டது: "அப்பா, நீ பாகலா? ஏன் சொல்லலே? நான் யாரு உனக்கு, ஹான்?" ஒரு மணி நேரத்தில் கொட்டுகிற மழையில் ஸ்கூட்டியில் வந்து நின்றாள், ரெயின்கோட்கூடப் போடாமல். என் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் ஏதோ சொல்லப் பார்த்தாள், வார்த்தை கிடைக்காமல் என் தோளில் சாய்ந்துகொண்டாள். சட்டையெல்லாம் ஈரமாயிற்று.

6

திங்கட்கிழமை கல்யாணியும் என்னோடு கூடத்துக்கு வந்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. மேடம் எங்களை உட்கார வைத்து, எனக்குத் தெரிந்ததையே எனக்கு விதிப்படி சொன்னார். வரைபடத்தை விளக்க ருதுஜாவைக் கூப்பிட்டார். அவள் லேப்டாப்போடு உற்சாகமாக உள்ளே வந்தாள், நார்மல்-4 ஒரு வழியாகச் சம்மதித்துவிட்டார் என்று. நாற்காலியில் என்னைப் பார்த்தாள். பக்கத்தில் கல்யாணியைப் பார்த்தாள். 

"காகா..."

"ஆமாம்மா. அந்தப் பாகல் நான்தான்."

லேப்டாப்பை வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள். அவள் திட்டியதை என் வாயால் ஏற்கெனவே கேட்டிருந்த கல்யாணி எழுந்து அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். "நீ சொன்னதுல தப்பில்ல கண்ணு" என்றாள், அவளுக்குத் தமிழ் தெரியாது என்பதையே மறந்து.

பிறகு கல்யாணி தன் அரைகுறை இந்தியில் மேடத்திடம் ஒரு கேள்வி கேட்டாள். "யே கப் ஸே ஹை?" இது எப்போதிலிருந்து இருக்கிறது?

மேடம் ருதுஜாவைப் பார்த்தார். ருதுஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "பார்த்துடலாம். காகாவோட பழைய ட்யூபெல்லாம் ஃப்ரீசர்லதானே இருக்கு, வருஷத்துக்கு ஒண்ணா? ஒன்பதையும் படிச்சா, எப்ப வந்தது, எவ்வளவு வேகமா வளருதுன்னு தெரிஞ்சிடும்."

அந்த ஃப்ரீசரை ஒன்பது வருஷமாகப் பூட்டித் திறப்பவன் நான். எனக்கு இது தோன்றாமல் இல்லை. விஷயம் தெரிந்த நாலாம் நாளே தோன்றியது. வேகமாக வளர்கிறது என்று வந்துவிட்டால்? அந்த நினைப்பிலேயே ஃப்ரீசர் அறைப் பக்கம் போகாமல், உள்ளே வேலை இருந்தால் யாராவது பிள்ளைகளை அனுப்பிக்கொண்டிருந்தேன். இப்போதும் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். பழைய ட்யூபைப் படிக்கவும் தனியாக ஒரு படிவம் இருந்தது. நான் சொல்வதற்குள் கல்யாணி பேனாவை எடுத்து என் கையில் வைத்துவிட்டாள்.

இரண்டு வாரம் ஆயிற்று. அந்த இரண்டு வாரத்தை நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். கல்யாணிக்கும் அதே கதைதான், பிரித்து வைத்த பாத்திரங்களை ஒன்றாகச் சேர்ப்பாள், மறுபடியும் பிரிப்பாள்.

நேற்று முடிவு வந்தது. முதல் வருஷத்து ட்யூபிலேயே இருக்கிறது, நூற்றுக்கு நாலு. ஐந்தானது நாலாம் வருஷம். ஆறுக்கு வர இன்னும் மூன்று வருஷம். இப்போது ஏழு. மேடம் கூட்டிப்போன ரத்தநோய் மருத்துவர் பார்த்துவிட்டு, மெதுவாகத்தான் போகிறது, இனியும் இப்படியே போகும் என்று உத்தரவாதம் தர முடியாது, மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தத்தை எண்ணிப் பாருங்கள் என்றார். கோயம்புத்தூரிலும் அதைச் செய்யலாம் என்றார். பயப்படட்டுமா என்று கேட்டேன். "பயப்படாதீங்கன்னு சொன்னா கேட்கவா போறீங்க?" என்று சிரித்தார்.

வெளியே வந்தோம். மழை விட்டிருந்தது. ஸ்கூட்டர் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணி பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"அப்ப, ஒம்பது வருசமாக் கூடவே இருந்திருக்குதுங்க."

"ஆமா."

"மிருதுளா கல்யாணத்துல பந்தியில ஓடி ஓடிப் பரிமாறினீங்களே, அப்ப?"

"அப்பவும் இருந்துது."

"பழனிக்குப் படியேறிப் போனமே?"

"அப்பவும்தான்."

"அந்தத் தீபாவளிக்கு? நாம சண்டை போட்டுட்டு, நாலு நாளு நான் உங்ககிட்டப் பேசாம இருந்தனே?"

"அது போன வருஷம்தான. அப்பவும் இருந்துது."

அவள் எண்ணுவதை நிறுத்திவிட்டாள். வண்டியில் ஏறவில்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"தெரிஞ்சிருந்தா, அந்த நாலு நாளும் பேசியிருப்பனுங்க."